பொதுநிலையினர் அருட்பணியைக் கற்பது எப்படி: கொழும்புத் தமிழ்ச் சபையாருக்கு ஒரு வழிகாட்டி

கொழும்பில் தமிழில் வழிபடும் சபைகளில் ஞாயிறு பாடசாலை நடத்துகிறவர்களும், அன்பியங்கள் எனப்படும் அயற்குடும்பச் செபக் குழுக்களைக் கூட்டுகிறவர்களும், வைத்தியசாலைக்குச் சென்று நோயாளரைச் சந்திக்கிறவர்களும், குருவானவர் வர இயலாத நாளில் பிரசங்க மேடையில் நிற்கிறவர்களும் பெரும்பாலும் குருப்பட்டம் பெறாத பொதுநிலையினரே. இவர்களுள் ஒருவருக்கு அருட்பணியையும் ஊழியத்தையும் முறையாகக் கற்க வேண்டும் என்ற விருப்பம் எழுந்தால், எந்த இறையியல் கல்லூரியில் சேரலாம் என்பதையே அவர் முதலில் விசாரிக்கிறார். அது பின்னர் விசாரிக்க வேண்டியது. வேலைக்கும் வீட்டுக்கும் பிள்ளைகளின் படிப்புக்கும் நடுவே கற்கப்போகும் ஒருவர், தம்முடைய சபையும் தொழிலும் தம்முன் வைக்கும் ஒரு கேள்வியோடு தொடங்க வேண்டும் என்பதே என் உறுதியான எண்ணம். அந்தக் கேள்வி தெளிவாக இருந்தால் எந்தப் பாடநெறியிலிருந்தும் பயன் பெறலாம். அது இல்லாவிட்டால், சான்றிதழ் கிடைத்த பின்பும் கற்றதை எங்கே பயன்படுத்துவது என்று தெரியாமற் போகும்.

கேள்வியைக் கண்டுபிடித்தல்

கேள்வி பெரியதாக இருக்க வேண்டியதில்லை. புறக்கோட்டையில் மொத்த வியாபாரக் கடையொன்றில் கணக்கு எழுதுகிறவர், பொய்க் கணக்கு எழுதச் சொல்லப்படும்போது தம் விசுவாசம் தம்மிடம் எதைக் கேட்கிறது என்று யோசிக்கலாம். மலையகத்திலிருந்து வீட்டு வேலைக்காகக் கொட்டாஞ்சேனைக்கு வந்திருக்கும் பெண்களுக்கு ஞாயிறு மாலையில்தான் ஓய்வு கிடைக்கிறது என்பதைக் கவனித்தவர், நம் காலை ஆராதனையின் நேரம் யாருடைய வசதிக்காக வகுக்கப்பட்டது என்று கேட்கலாம். வெள்ளவத்தையில் அடுக்குமாடியில் வசிப்பவர், அடுத்த வீட்டு இந்துக் குடும்பத்தின் மரணவீட்டில் ஒரு கிறிஸ்தவராக எப்படி நிற்பது, எதில் பங்குகொள்வது, எதில் விலகி நிற்பது என்று கேட்கலாம். இவை மூன்றும் அருட்பணி பற்றிய கேள்விகளே.

தேர்ந்த கேள்வியை ஒரு பயிற்சிப் புத்தகத்தின் முதற் பக்கத்தில் எழுதுங்கள். அதன் கீழே, இது யாரைப் பாதிக்கிறது, நம் சபை இப்போது என்ன செய்கிறது, எனக்கு விளங்காதது எது என்பவற்றை எழுதுங்கள். பின்பு அந்தப் பக்கத்தோடு உங்கள் போதகரை அல்லது பங்குத்தந்தையைச் சந்தியுங்கள். படிப்பைச் சபைக்குத் தெரியாமல் தொடங்குவது நல்லதன்று. ஊழியம் சபையின் பொறுப்பில் நடப்பது. பொதுநிலையினர் ஒருவர் தனியே கற்றுத் தனியே செய்யத் தொடங்கும்போது, நல்ல நோக்கமும் போட்டியாகத் தோன்றிவிடும். அதோடு, குருமனை அலுமாரியில் இருக்கும் நூல்கள் பலவற்றை எவரும் கேட்காததாலேயே எவரும் வாசிப்பதில்லை.

வேதாகமத்தில் எங்கே தொடங்குவது

அப்போஸ்தலர் நடபடிகளில், கத்தோலிக்கர் வழக்கில் திருத்தூதர் பணிகளில், தொடங்குங்கள். எட்டாம் அதிகாரத்தின் முதல் நான்கு வசனங்களைக் கவனமாக வாசியுங்கள்: துன்புறுத்தல் வந்தபோது அப்போஸ்தலர் எருசலேமிலேயே இருந்தார்கள், மற்றவர்கள் சிதறிப்போனார்கள், சிதறிப்போனவர்களே எங்கும் வசனத்தை அறிவித்தார்கள். பதினோராம் அதிகாரத்தில் அந்தியோகியா சபை உருவானதைப் பாருங்கள். கிரேக்கரிடம் முதலில் பேசியவர்கள் சீப்புரு தீவாரும் சிரேனே பட்டணத்தாருமான சிலர். அவர்களுடைய பெயர்கள்கூட எழுதப்படவில்லை. எருசலேமிலிருந்து பர்னபா வந்து சேர்வது அதற்குப் பின்னரே. பதினெட்டாம் அதிகாரத்தில், கூடாரத் தொழிலாளிகளான ஆக்கில்லாவும் பிரிஸ்கில்லாவும் வாக்குவல்லவனான அப்பொல்லோவைத் தங்களோடு சேர்த்துக்கொண்டு கற்பிக்கிறார்கள். வேதவாக்கியங்களில் வல்லவரான ஊழியரைப் பொதுநிலைத் தம்பதியர் திருத்திய இந்த நிகழ்ச்சியைப் பற்றி நம் சபைகளில் இன்னும் அதிகமாகப் பிரசங்கிக்கலாம்.

அடுத்து 1 பேதுருவை வாசியுங்கள். அது அந்நியராய்ச் சிதறி வாழ்ந்த சிறுபான்மையினருக்கு எழுதப்பட்ட நிருபம். 2012 குடிசன மதிப்பீட்டின்படி இலங்கையில் கிறிஸ்தவர்கள் ஏறத்தாழ 7.6 சதவீதம், அதில் கத்தோலிக்கர் மட்டும் நாட்டு மக்களுள் ஏறத்தாழ 6.2 சதவீதம். பெரும்பான்மையினராய் வாழும் நாடுகளில் எழுதப்பட்ட அருட்பணி நூல்கள் காணத் தவறும் பலவற்றை இந்த நிருபம் நமக்குக் காட்டும். நம் நம்பிக்கையைப் பற்றி விசாரிப்பவர்களுக்குச் "சாந்தத்தோடும் வணக்கத்தோடும்" உத்தரவு சொல்லும்படி மூன்றாம் அதிகாரம் கூறுவதை, இனி நீங்கள் கற்கும் ஒவ்வொரு முறைக்கும் அளவுகோலாக வைத்துக்கொள்ளுங்கள். எரேமியா 29, யோனா, லூக்கா 4 ஆகியவற்றை இதன் பின் எடுத்துக்கொள்ளலாம். புரட்டஸ்தாந்துச் சபைகளில் வழங்கும் பழைய திருப்புதல், 1995 இல் வந்த பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியம் இரண்டையும் அருகருகே வைத்து வாசியுங்கள். விளக்கவுரையைத் திறப்பதற்கு முன், உங்கள் கேள்விக்கு இந்தப் பகுதி என்ன சொல்கிறது என்பதை உங்கள் சொந்த வார்த்தைகளில் எழுதிவிடுங்கள்.

இந்தத் தீவின் அருட்பணி வரலாறு

என் கருத்தில் பொதுநிலையினர் மிக அதிகமாக உழைக்க வேண்டிய பகுதி இதுவே. ஐரோப்பிய, அமெரிக்க அருட்பணியாளரின் வாழ்க்கை வரலாறுகளை அறிந்திருக்கும் நாம், நம் வீதிகளில் நடந்ததைக் குறைவாகவே அறிந்திருக்கிறோம்.

ஒல்லாந்தர் 1656 இல் கொழும்பையும் 1658 இல் யாழ்ப்பாணத்தையும் போர்த்துக்கேயரிடமிருந்து கைப்பற்றியபின் கத்தோலிக்கக் குருக்கள் வெளியேற்றப்பட்டார்கள். கோவாவிலிருந்து ஜோசப் வாஸ் அடிகளார் 1687 இல் மாறுவேடத்தில் வந்து சேரும் வரை, ஏறத்தாழ முப்பது ஆண்டுகள், குருக்கள் இல்லாத நிலையிலும் விசுவாசம் வீடுகளில் காக்கப்பட்டது. அவர் வந்த பின்பும், மூப்பர் என்றும் அண்ணாவியார் என்றும் அழைக்கப்பட்ட பொதுநிலைத் தலைவர்களே ஊரூராகச் செபங்களை நடத்தி, மறைக்கல்வி கற்பித்து, அவருடைய பணியைத் தாங்கினார்கள். 2015 ஜனவரி 14 அன்று காலிமுகத்திடலில் பாப்பரசர் பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்ததை நேரில் கண்ட கொழும்பு மக்கள் பலர் உண்டு. அந்தப் பொதுநிலையினரைப் பற்றியும் அவர்கள் அறிந்துகொள்ள வேண்டும். இதே காலத்தில், பதவியும் சொத்துரிமையும் நாடி ஒல்லாந்தரின் சீர்திருத்தச் சபையில் ஞானஸ்நானம் பெற்றவர்களில் மிகப் பெரும்பாலோர், பிரித்தானியர் வந்து கட்டாயம் நீங்கியதும் அதைக் கைவிட்டார்கள். சலுகையோடு பரவிய சமயத்துக்கும் தடைக்குள் நிலைத்த சமயத்துக்கும் உள்ள வேறுபாட்டை இதைவிடத் தெளிவாகக் காட்டும் உதாரணத்தை வேறு நாடுகளில் தேட வேண்டியதில்லை. ஆயினும் ஒல்லாந்தர் காலத்தை அதோடு ஒதுக்கிவிடலாகாது. கொழும்புச் செட்டி சமூகத்தைச் சேர்ந்த பிலிப்பு தெ மெல்லோ செய்த புதிய ஏற்பாட்டின் தமிழ் மொழிபெயர்ப்பு 1759 இல் இதே நகரில் அச்சாயிற்று.

பிரித்தானியர் காலத்தில் 1812 இல் பப்டிஸ்த மிஷனும், 1814 இல் வெஸ்லியன் மெதடிஸ்த மிஷனும், 1816 இல் யாழ்ப்பாணத்தில் அமெரிக்க மிஷனும், 1818 இல் சேர்ச் மிஷனரி சங்கமும் பணியைத் தொடங்கின. இந்த ஆண்டுகளை மனப்பாடம் செய்வதால் பயன் குறைவு. ஒரு நிகழ்ச்சியை எடுத்து ஆழமாகக் கற்பதே மேல், அதற்கு வட்டுக்கோட்டைச் செமினரியைப் பரிந்துரைக்கிறேன். அமெரிக்க மிஷனரிமார் 1823 இல் நிறுவிய அந்த உயர்கல்வி நிலையத்தில் கணிதம், வானியல், தமிழ், ஆங்கிலம், வேதாகமம் எல்லாம் கற்பிக்கப்பட்டன. அங்கே ஆங்கிலம் கற்றவர்கள் ஊழியத்துக்கு வராமல் அரசாங்க உத்தியோகத்துக்குப் போகிறார்கள், மதம் மாறியோர் தொகையும் எதிர்பார்த்த அளவில் இல்லை என்ற குறைபாட்டின் பேரில், ரூபஸ் அன்டர்சன் தலைமையில் அமெரிக்காவிலிருந்து வந்த தூதுக்குழுவின் தீர்மானத்தால் 1855 இல் அது மூடப்பட்டது. கல்வி அருட்பணிக்கு ஒரு கருவி மட்டுமா, அல்லது கல்வி கொடுப்பதே அருட்பணியா? ஞானஸ்நானம் பெற்றோர் தொகையால் ஊழியத்தை அளக்கலாமா? ஒரு நிறுவனத்தின் முடிவைக் கடல் கடந்து இருப்பவர்கள் எடுக்கும்போது உள்ளூர்ச் சபையின் குரல் எங்கே போகிறது? பாலர் பாடசாலை, தையல் வகுப்பு, மாலை நேரக் கணித வகுப்பு நடத்தும் கொழும்புச் சபைகள் இன்றும் இந்தக் கேள்விகளுக்கு நடுவிலேதான் இருக்கின்றன. இதோடு, மானிப்பாயில் 1848 இல் தொடங்கி, பின்னர் மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்த டாக்டர் சாமுவேல் கிறீனின் பணியையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

மறுபக்கத்தையும் கற்க வேண்டும். மெதடிஸ்த மிஷனரியான பீற்றர் பேர்சிவலோடு வேதாகமத் தமிழ்மொழிபெயர்ப்பில் உழைத்த ஆறுமுக நாவலரே, 1848 இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவி மிஷன் கல்விக்கு மாற்று அமைத்தார். 1873 இல் பாணந்துறையில் மிகெட்டுவத்தே குணானந்த தேரரும் மெதடிஸ்த போதகரான டேவிட் டி சில்வாவும் பொதுமேடையில் விவாதித்தார்கள். பௌத்த மறுமலர்ச்சிக்கு அது பெரும் ஊக்கமாயிற்று. மிஷனரிமாரின் பிரசங்கத்தையும் துண்டுப்பிரசுரங்களையும் கேட்டவர்கள் அவற்றை எப்படி உணர்ந்தார்கள் என்பதை அவர்களுடைய எழுத்திலேயே வாசிப்பது சிரமமாக இருக்கும், ஆனாலும் அதை விட்டுவிட்டு அருட்பணியைக் கற்றதாகச் சொல்ல முடியாது.

இவற்றுக்கான மூலங்கள் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன. 2005 இல் தொடங்கிய 'நூலகம்' எண்ணிம நூலகத்தில் இலங்கைத் தமிழ் நூல்களும் பழைய பத்திரிகைகளும் சபை மலர்களும் இலவசமாக வாசிக்கக் கிடைக்கின்றன. கொழும்பு 7 இல் உள்ள தேசிய சுவடிகள் திணைக்களத்தில் ஒல்லாந்தர் கால ஆவணங்கள் பேணப்படுகின்றன. ஒரு சனிக்கிழமைக் காலையில், 1757 இல் கட்டி முடிக்கப்பட்ட வுல்வெண்டால் தேவாலயம், ஜிந்துப்பிட்டி புனித தோமையார் ஆலயம், கொட்டாஞ்சேனை புனித லூசியாள் பேராலயம், கொச்சிக்கடை புனித அந்தோனியார் திருத்தலம், 1816 இல் திறக்கப்பட்ட புறக்கோட்டை மெதடிஸ்த ஆலயம் ஆகியவற்றை நடந்தே பார்த்துவிடலாம். கல்லறைக் கற்களையும் சுவர்ப் பலகைகளையும் நிதானமாக வாசிக்க முன்கூட்டியே அனுமதி பெற்றுச் செல்லுங்கள். பின்பு உங்கள் சொந்தச் சபையின் கூட்ட அறிக்கைப் புத்தகங்களை, பொறுப்பானவர்களின் அனுமதியோடு, வாசியுங்கள். 1983 ஜூலைக்கு முன்னும் பின்னும் சபையில் யார் இருந்தார்கள், யார் போனார்கள், மலையகத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் யார் வந்து சேர்ந்தார்கள் என்பதை மூத்தவர்களிடம் கேட்டு எழுதுங்கள். அவர்கள் பேச விரும்பாததை வற்புறுத்திக் கேட்க வேண்டாம்.

உலகத் திருச்சபை பேசியதைச் சுருக்கமாகவேனும் அறிந்துகொள்ளுங்கள்: 1910 எடின்பரோ உலக மிஷனரி மாநாடு, அதன் வழியில் சென்னைக்கு அருகே நடந்த 1938 தாம்பரம் மாநாடு, பொதுநிலையினரின் பணியைப் பற்றித் தனி ஆவணமே வெளியிட்ட இரண்டாம் வத்திக்கான் சங்கம், சுவிசேஷப் பிரிவினரின் 1974 லோசான் உடன்படிக்கை. இந்த உரையாடலில் இலங்கைத் தமிழரும் முன்னணியில் நின்றார்கள். மெதடிஸ்த போதகரான டி. ரி. நைல்ஸ் 1948 இல் அம்ஸ்டர்டாமில் உலகத் திருச்சபைகள் மன்றத்தின் முதற் பேரவையில் உரையாற்றினார். தென்னிந்தியத் திருச்சபையின் யாழ்ப்பாண ஆதீனத்து முதற் பேராயர் சபாபதி குலேந்திரன் இறையியல் அறிஞராக மதிக்கப்பட்டார்.

அயலவரும் சட்டமும்

அரசியலமைப்பின் 9 ஆம் உறுப்புரை பௌத்தத்துக்கு முதன்மை இடம் கொடுக்கிறது. 10 ஆம் உறுப்புரை ஒவ்வொருவருக்கும் தாம் விரும்பும் சமயத்தைக் கொண்டிருக்கவும் ஏற்கவும் சுதந்திரம் அளிக்கிறது. 14(1)(உ) சமயத்தை வழிபாட்டிலும் அனுசரிப்பிலும் போதனையிலும் வெளிப்படுத்தும் உரிமையைப் பிரசைகளுக்குக் கொடுக்கிறது. சமயத்தைப் பரப்புவது இந்த உரிமைக்குள் அடங்காது என்ற நிலைப்பாட்டை உயர் நீதிமன்றம் 2003 இல் எடுத்தது. மதமாற்றத் தடைச் சட்டமூலம் ஒன்று 2004 இல் முன்வைக்கப்பட்டது. அதே ஆண்டின் இறுதியில் வந்த ஆழிப்பேரலைக்குப் பின், நிவாரணத்தைக் காட்டி மதம் மாற்றுகிறார்கள் என்ற குற்றச்சாட்டும் வலுத்தது. வறியவருக்கு உதவும் எந்தச் சபையும் இந்தச் சூழலை அறியாமல் இருக்கலாகாது.

வத்திக்கானின் பல்சமய உரையாடல் மன்றமும் உலகத் திருச்சபைகள் மன்றமும் உலக சுவிசேஷக் கூட்டமைப்பும் சேர்ந்து 2011 இல் வெளியிட்ட, பல்சமய உலகில் கிறிஸ்தவ சாட்சி பற்றிய ஆவணம் சில பக்கங்களே உடையது. பன்னிரண்டு கோட்பாடுகளும் ஆறு பரிந்துரைகளும் கொண்ட அதை, உங்கள் சபையின் ஒவ்வொரு பணியோடும் ஒப்பிட்டுப் பாருங்கள். உதவியும் பிரசங்கமும் ஒரே மேசையில், ஒரே வரிசையில் கொடுக்கப்படுகின்றனவா என்ற ஒரு கேள்வியே நீண்ட கலந்துரையாடலுக்குப் போதும்.

அயலவரின் சமயத்தை அயலவரிடமிருந்தே கற்றுக்கொள்ளுங்கள். மருதானையில் திஸ்ஸ பாலசூரிய அடிகளார் 1971 இல் தொடங்கிய சமூக சமய நடுநிலையமும், களனியில் அலோசியஸ் பீரிஸ் அடிகளார் 1974 இல் நிறுவிய துலானா ஆய்வகமும் பல்சமய, சமூகச் சிந்தனைக்குப் பெயர் பெற்றவை. சிங்களம் பேச மட்டும் தெரிந்தவர்கள் வாசிக்கவும் கற்றுக்கொள்வது, எந்த இறையியல் பாடத்துக்கும் குறையாத ஆயத்தமாகும். 2019 உயிர்த்த ஞாயிறுத் தாக்குதலில் கொச்சிக்கடை ஆலயம் சிதைந்தபின், முஸ்லிம் அயலவரோடு பேசுவதும் நீதிக்காகக் கேட்பதும் மன்னிப்பதும் நம் சபைகளுக்கு நேரடியான பணிகளாகிவிட்டன. இவற்றைத் தனித்தனிப் பாடங்களாகப் பிரிக்க முடியாது.

பாடநெறியைத் தேர்தல்

இந்த அளவுக்கு வந்தபின் கல்லூரியைப் பற்றி விசாரியுங்கள். 1963 இல் பிலிமத்தலாவையில் நிறுவப்பட்ட இலங்கை இறையியல் கல்லூரி தமிழிலும் சிங்களத்திலும் கற்பிக்கிறது. ஆனால் அங்கே தங்கிப் படிப்பது, வேலையை விட இயலாதவருக்குக் கடினம். 1994 இல் தொடங்கிய கொழும்பு இறையியல் செமினரி தலைநகரப் பகுதியிலேயே தமிழ்மொழியிலும் பாடங்களை நடத்துகிறது. பொரளையில் பீற்றர் பிள்ளை அடிகளார் 1954 இல் நிறுவிய அக்குவைனாஸ் கல்லூரியைக் கத்தோலிக்கர் விசாரிக்கலாம். அங்கிலிக்கன் சபையில் ஆயரின் அனுமதியோடு ஆராதனை நடத்த உதவும் பொதுநிலையினரான லே ரீடர் பணியும், மெதடிஸ்த சபையில் உள்ளூர்ப் பிரசங்கிகளின் பணியும் இருக்கின்றன; கத்தோலிக்கத் திருச்சபையில் 2021 இல் மறைக்கல்வி கற்பிக்கும் வேதியர் பணி பொதுநிலையினருக்கான நிலையான பணியாக அமைக்கப்பட்டது. உங்கள் கேள்வி சபைக்குள் ஆற்றும் ஊழியத்தைப் பற்றியதானால், வெளியே தேடுமுன் இந்த வழிகளைப் பாருங்கள்.

பதிவு செய்வதற்கு முன், பாடமும் பரீட்சையும் உண்மையில் தமிழில் நடக்கின்றனவா, நூல்கள் தமிழில் கிடைக்கின்றனவா, விரிவுரைகள் வேலை நேரத்துக்கு வெளியே வருகின்றனவா, சான்றிதழை யார் அங்கீகரிக்கிறார்கள், இடையில் நிறுத்தினால் முடித்த பாடங்கள் கணக்கில் எடுக்கப்படுமா என்று கேளுங்கள். சில மாதங்களில் கலாநிதிப் பட்டம் தருவதாகச் சொல்லும் இடங்களை அணுக வேண்டாம். முதல் ஆண்டில் ஒரே ஒரு பாடத்தை எடுங்கள். பட்டத்துக்கான முழுக் கட்டணத்தையும் கடன்பட்டுக் கட்டுவதை நான் ஆதரிக்க மாட்டேன்.

குழுவாகக் கற்றல்

தனியே வாசிப்பவர் பெரும்பாலும் தமக்குப் பிடித்ததையே வாசிப்பார். ஆகவே நான்கு முதல் ஆறு பேர் சேருங்கள்; ஆண்களும் பெண்களும், உத்தியோகத்தரும் கூலித் தொழிலாளரும் கலந்திருக்கட்டும். மாதந்தோறும் வரும் போயா விடுமுறை இதற்கு வசதியானது. ஒவ்வொரு சந்திப்புக்கும் ஒருவர் தம் தொழிலிடத்திலோ சபையிலோ உண்மையாக நடந்த ஒன்றை, ஆட்களின் பெயரை மாற்றி, ஒரு பக்கத்தில் எழுதி வரட்டும். அதை எல்லாரும் அமைதியாக வாசித்தபின், முதலில் விளங்காததைக் கேளுங்கள்; அறிவுரை சொல்ல அவசரப்பட வேண்டாம். அடுத்து, இதைத் தொடும் வேதப்பகுதி எது, நம் வரலாற்றில் இது போன்றது நடந்ததா, இதில் சம்பந்தப்பட்ட மற்றச் சமயத்தவர் அல்லது ஏழை மனிதர் இங்கே இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று ஒழுங்காகப் பேசுங்கள். அடுத்த போயாவுக்கு முன் செய்யக்கூடிய ஒரு சிறு செயலைக் குறித்துக்கொண்டு, அடுத்த சந்திப்பை அதன் விளைவிலிருந்து தொடங்குங்கள். குழுவில் கேட்டதை வெளியே பேசுவதில்லை என்பது முதல் நாளிலேயே ஒப்புக்கொள்ளப்பட வேண்டும். சிறைச்சாலை, வைத்தியசாலை, சிறுவர் இல்லம் ஆகிய இடங்களுக்குச் செல்வதானால் நிறுவனத்தின் எழுத்து அனுமதியோடும் சபையின் அறிவோடும் மட்டுமே செல்லுங்கள். பிள்ளைகளோடு ஒருபோதும் தனியே இருக்க வேண்டாம், அவர்களைப் படமெடுத்து வெளியிடவும் வேண்டாம்.

ஓராண்டு சென்றபின், முதற் பக்கத்தில் எழுதிய கேள்விக்கு நீங்கள் கண்ட பதிலை இரண்டு மூன்று பக்கங்களில் எழுதிச் சபைக் குழுவுக்கோ பங்குப் பேரவைக்கோ கொடுங்கள். யாரிடம் கேட்டோம், எதை வாசித்தோம், எங்கே குழுவுக்குள் உடன்பாடு வரவில்லை என்பவற்றை மறைக்காமல் எழுதி, மூன்று மாதம் சோதித்துப் பார்க்கக்கூடிய ஒரே ஒரு முன்மொழிவைச் சேருங்கள். உதாரணமாக, அது மாலை ஆராதனை ஒன்றைத் தொடங்குவதாக இருந்தால், வீட்டு வேலை செய்யும் பெண்களிடமே முதலில் நேரத்தைக் கேட்டு, அதை நடத்தும் குழுவில் அவர்களுள் இருவரையாவது சேர்த்த பின்பே அந்த முன்மொழிவைக் கையளியுங்கள்.